ஸ்பீக்கரில் பேசிய பேட்டரி

நிகழ்ச்சி சூடுபிடித்திருந்த நேரம். பாடல்களை இடைவிடாமல் ஒன்றோடொன்று இணைத்து ஒலிக்கவிடும் டி.ஜே.யாக மேடையில் நின்ற, என்னிடம் பயின்ற பார்வையற்ற இளைஞர் ஒருவர் அடுத்த பாடலை மெல்ல உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தார். திடீரென்று அரங்கின் ஸ்பீக்கர்கள் அத்தனையும் ஒரே குரலில் அறிவித்தன: "பேட்டரி 20 சதவீதம்." கூட்டம் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தது. அவர் முகம்தான் இரவு முழுக்கத் தெளியவில்லை. தவறு என்னுடையது. பாடல்களை இணைக்கக் கற்றுக்கொடுத்தவன், கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரை வாசிப்பானின் குரல் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதைச் சொல்லித்தர மறந்துவிட்டேன்.

திரை வாசிப்பான் கொண்டு கணினியைக் கையாளப் பயிற்சி அளிப்பது என் தொழில். டி.ஜே. ஆக விரும்பி வருபவருடைய வீட்டார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "திரையில் அலை அலையாக ஓடுகிறதே, அதைப் பார்க்காமல் எப்படி?" அந்த அலைகள் பிற்பாடு வந்தவை. 1972இல் வெளிவந்து டி.ஜே.க்களின் கைக்கருவியாகவே ஆகிவிட்ட டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 இசைத்தட்டுக் கருவியில் திரையே கிடையாது. பார்வை உள்ளவர்களும் காதால்தான் இணைத்தார்கள்.

காது இதில் எவ்வளவு கறாரானது தெரியுமா? ஒரு பாடலின் காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 120 தாள அடி, மற்றொன்று 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அடியில் தொடங்கினால் ஆறு ஏழு நொடிகளிலேயே ஒற்றை அடி இரட்டையாகப் பிளந்து, குதிரைக் குளம்படி போலக் கேட்கத் தொடங்கும். அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றொன்றின் இடைவெளியில் போய் விழும். இந்தப் பிளவைக் கேட்டுச் சரிசெய்ய என் மாணவர்களுக்கு நான் அதிகம் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

சிக்கல் மென்பொருளில்தான் இருக்கிறது. பல டி.ஜே. மென்பொருள்கள் தங்கள் பொத்தான்களைத் திரையில் வெறும் ஓவியமாக வரைந்துவிடுகின்றன. திரை வாசிப்பானுக்கு அங்கே எதுவும் தென்படாது. அல்லது "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மந்திரம்போல ஓதும். இதை மாற்ற முடியும் என்பதற்கு அல்கோரிதிம் நிறுவனத்தின் டிஜேய் ப்ரோ சான்று. ஆப்பிள் கருவிகளின் திரை வாசிப்பானான வாய்ஸ்ஓவருடன் இணங்கிச் செயல்படும் அந்த மென்பொருளின் ஐபேட் பதிப்பு 2016இல் ஆப்பிள் டிசைன் விருது பெற்றது. எதை வாங்குவதானாலும் சோதனைப் பதிப்பை முதலில் நிறுவி, திரையை அணைத்துவிட்டு, ஒரு பாடலைத் தேடி ஏற்றி, ஹெட்போனில் கேட்டு, வேகத்தை மாற்றி, ஒலி வெளியீட்டு அமைப்பைக் கண்டுபிடித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் மவுஸைத் தொடக் கூடாது. மேடையில் அவர் இருக்க மாட்டார்.

ஒலியைப் பிரிப்பது எளிதுதான், நினைவு வைத்திருந்தால். டி.ஜே. மென்பொருளைக் கையால் இயக்க உதவும் பொத்தான் பலகையான கன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றில் தனி சவுண்ட் கார்டு இருக்கிறது. அரங்கத்துக்கான ஒலியும், அடுத்த பாடலை டி.ஜே. மட்டும் முன்கூட்டிக் கேட்கும் ஹெட்போன் முன்கேட்பும் அதன் வழியே போகட்டும். கணினியின் இயல்பு வெளியீடு மடிக்கணினியின் சொந்த ஒலித்துளையிலேயே இருக்கட்டும். திரை வாசிப்பானின் குரல் அங்கே ஒரு சிறு இயர்போனில் வரும். நிகழ்ச்சிக்கு முன் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்திவையுங்கள். நேற்றுவரை பெயர் சொன்ன பொத்தான் ஒரு அப்டேட்டுக்குப் பின் ஊமையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாடல் பட்டியலில் ஒரு சின்ன வேலை பெரும் நேரத்தை மிச்சப்படுத்தும். திரை வாசிப்பான் ஒவ்வொரு வரியையும் நெடுவரிசைகள் இருக்கும் வரிசையிலேயே படிக்கும். ஆல்பம், ஆண்டு, கோப்பின் அளவு என்று அது ஒப்பித்து முடிப்பதற்குள் ஓடும் பாடல் தீர்ந்துவிடும். பெயர், பி.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்), சுருதி மூன்றையும் முன்னால் நகர்த்தி, மற்றதை மறைத்துவிடுங்கள்.

கன்ட்ரோலர் வாங்கும்போது கையால் தடவிப் பாருங்கள். பாடலின் வேகத்தை மாற்றும் நகர்த்துபிடியான வேக ஃபேடர் நடுப்புள்ளியில் 'டிக்' என்று நிற்க வேண்டும். தொடுதிரையை நம்பியிருக்கும் கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், நமக்கு ஆகாது. விரலுக்குத் தட்டுப்படும் ஒட்டும் புள்ளிகளை மூன்று நான்கு பொத்தான்களில் மட்டும் ஒட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒட்டினால் ஒன்றிலும் ஒட்டாததற்குச் சமம். ஒரே ஃபேடரை இரண்டு டெக்குகளுக்கு (ஒவ்வொரு பாடலும் ஓடும் தனித் தடங்களுக்கு) மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைத் தொடக்கத்தில் தவிருங்கள். டெக்கை மாற்றியதும் விரல் உணரும் இடமும் மென்பொருள் வைத்திருக்கும் அளவும் வேறுபட்டிருக்கும். பார்வை உள்ளவர் அதைத் திரையில் கண்டுகொள்வார், உங்களுக்கு ஒலி திடீரென்று குதித்த பிறகுதான் தெரியும்.

காதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் வரம்பு. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். முன்கேட்பும் திரை வாசிப்பானும் ஒரே தலைக்குள் போட்டியிடும்போது இரண்டையும் கூட்டிக்கொண்டே போகத் தோன்றும். சாலையைக் கடப்பதும் அதே காதை நம்பித்தான். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானை முதல் நாளிலிருந்தே பழகுங்கள்.

அந்த இளைஞர் இன்றும் டி.ஜே.யாக மேடையேறுகிறார். திரை வாசிப்பானின் குரல் இப்போது இடது காதில் மட்டும் வருகிறது. சார்ஜர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப் போகிறார்.