இசைக்குழுவைத் தாண்டும் குரல்: பவரொட்டியின் தொண்டையில் நடந்தது என்ன?

1972 பிப்ரவரி 17 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில், டொனிசெட்டி இயற்றிய ஒரு நகைச்சுவை இசைநாடகத்தில் டோனியோ என்ற இளைஞனாக வேடமேற்ற லூச்சியானோ பவரொட்டி, ஒரே பாட்டில் 9 முறை உச்ச 'ஸி' சுரத்தை முழுக்குரலில் பிடித்தார். ரசிகர்கள் அவரை 17 முறை திரைக்கு முன்னால் வரவழைத்துக் கைதட்டினார்கள். அந்த அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள் உண்டு. மேடைக்கும் ரசிகர்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பெரிய இசைக்குழு அமர்ந்து வாசிக்கும். பாடகருக்கு மைக் கிடையாது. ஒரு மனிதனின் குரல் இத்தனையையும் கடந்து கடைசி வரிசை வரை எப்படிக் கேட்கிறது என்று கேட்டால், 'கனத்த சாரீரம், சத்தமாகப் பாடுகிறார்' என்றுதான் பலரும் சொல்வார்கள். சத்தத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், எந்தப் பாடகரும் ஓர் இசைக்குழுவிடம் தோற்றுத்தான் போவார்.

பவரொட்டி ஒரு டெனர். டெனர் என்பது இயல்பான ஆண்குரல் வகைகளில் உயரமானது. உச்ச 'ஸி'யைப் பாடும்போது, சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு குரல் நாண்களும் விநாடிக்கு 523 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் கர்நாடக சங்கீத வித்வான் ஒருவருக்கு இது அதிதார ஷட்ஜம். மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து முழுதாக இரண்டு ஸ்தாயிகள் மேலே. பொய்க்குரலில் அதைத் தொடுவது அவ்வளவு கடினமல்ல. நெஞ்சுக்குரலின் பலம் குறையாமல் தொடுவதுதான் கடினம்.

பவரொட்டி 1935 அக்டோபர் 12 அன்று இத்தாலியின் மொடெனா நகரில் பிறந்தார். தந்தை ஃபெர்னாண்டோ ரொட்டி சுடுபவர். நல்ல டெனர் குரல் இருந்தும் மேடை அச்சத்தால் பொழுதுபோக்குப் பாடகராகவே நின்றுவிட்டவர். தாய் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தந்தையும் மகனும் சேர்ந்து பாடிய ஊர்ப் பாடகர் குழு 1955இல் வேல்ஸ் நாட்டின் லங்கோலென் விழாவில் முதற்பரிசு பெற்றது. அதன்பின் பள்ளி ஆசிரியராகவும் காப்பீட்டு முகவராகவும் பிழைப்பை நடத்திக்கொண்டே, அரிகோ போலா, எட்டோரே காம்போகல்லியானி ஆகிய இரு ஆசிரியர்களிடம் சில ஆண்டுகள் பயின்றார். அந்தப் பயிற்சியில் அவர் தொண்டை கற்றுக்கொண்டது என்ன என்பதை விளக்க, கொஞ்சம் ஒலியியலுக்குள் போக வேண்டியிருக்கிறது.

குரல் நாண்கள் எழுப்பும் ஒலி ஒற்றை அதிர்வெண் கொண்டதல்ல. 523 ஹெர்ட்ஸில் பாடினால் 1046, 1569, 2092, 2615, 3138 என்று அதன் மடங்குகளிலும் மேற்சுரங்கள் பிறக்கின்றன. குரல்வளையிலிருந்து உதடு வரை சுமார் 17 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் அவற்றுள் சிலவற்றைத் தன் ஒத்ததிர்வால் வலுப்படுத்துகிறது, மற்றவை மங்கிவிடுகின்றன. இந்த ஒத்ததிர்வுகளை ஃபார்மன்ட் என்பார்கள். கீழுள்ள முதல் இரண்டும் நாம் கேட்பது 'ஆ'வா 'ஈ'யா என்பதைத் தீர்மானிக்கின்றன; மூன்றாவது முதல் ஐந்தாவது வரை உள்ளவை பேச்சில் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கின்றன. பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரல்களில் இந்த மூன்றும் 2,500 முதல் 3,200 ஹெர்ட்ஸுக்குள் ஒன்றுகூடி ஒரே மேடாக எழுவதை, 1970களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி விரிவாக விளக்கினார். 'பாடகர் ஃபார்மன்ட்' என்று அதற்குப் பெயர். இத்தாலிய ஆசிரியர்கள் காதால் மட்டுமே கண்டறிந்து 'ஸ்க்வில்லோ' என்று சொல்லிவந்த கணீர் ஒலியின் பௌதிகம் இதுதான்.

குரல் நாண்களுக்குச் சற்று மேலே 2, 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குறுகிய அறை இருக்கிறது. பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி அதற்கு மேலுள்ள தொண்டைக்குழியை அகலமாக்கும்போது, தொண்டையின் குறுக்குப்பரப்பு அந்தச் சிற்றறையின் வாயைப் போல 6 மடங்குக்கு மேல் போய்விட்டால், சிற்றறை மற்றக் குழாயிலிருந்து பிரிந்து தனி ஒத்ததிர்வியாக வேலை செய்யத் தொடங்குகிறது. சின்னக் குப்பியின் வாயில் ஊதினால் கீச்சென்றும் பெரிய பாட்டிலில் ஊதினால் கனத்தும் ஒலிப்பதுபோல, 3 சென்டிமீட்டர் அறை தன் அளவுக்கேற்ப 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கிறது.

ஏன் அந்த 3,000 முக்கியம்? இசைக்குழுவின் ஒலி ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் அருகே உச்சத்தில் இருந்து, மேலே போகப் போகச் சரிந்து, 3,000 அருகே சுமார் 20 டெசிபல் இறங்கிவிடுகிறது. வயலின்களும் கொம்புகளும் விட்டுக்கொடுத்த அந்த இடைவெளியில் பாடகரின் ஆற்றல் குவிகிறது. மனிதக் காதின் துளையும் ஏறக்குறைய அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்வதால், அங்கே நம் செவிப்புலன் மிகக் கூர்மை. தாழ்ந்த ஒலி எல்லாத் திசையிலும் பரவும்போது உயர் அதிர்வெண் வாயிலிருந்து முன்னோக்கியே அதிகம் செல்வதும் பாடகருக்குச் சாதகம். ஓபரா பாடகர்கள் காதலியிடம் பேசும்போதுகூட ரசிகர்களைப் பார்த்தே நிற்பதை நடிப்புக் குறை என்று கேலி செய்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

டெனருக்கு ஆபத்தான இடம் உச்சத்தில் இல்லை. அதற்கு நாலைந்து சுரம் கீழே, 330 முதல் 390 ஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லையில் இருக்கிறது. அதுவரை 'ஆ'வென்று திறந்து பாடும்போது சுரத்தின் இருமடங்கு அதிர்வெண்ணிலுள்ள மேற்சுரம் முதல் ஃபார்மன்ட்டின் கீழ் நின்று பலம் பெறுகிறது. சுருதி மேலும் ஏறினால் மேற்சுரம் அதைத் தாண்டிவிடும். பயிற்சியில்லாதவர் உடனே வாயை இன்னும் அகலத் திறந்து, குரல்வளையை மேலே தூக்கி, ஃபார்மன்ட்டையும் கூடவே இழுக்கப் பார்ப்பார், பாட்டு கத்தலாகிவிடும். பவரொட்டி போன்றவர்கள் அந்த இடத்தில் குரல்வளையைத் தாழ்வாகவே வைத்து, 'ஆ'வைச் சற்று 'ஓ' பக்கம் குவித்து, மேற்சுரத்தைத் தாண்டிப்போக விட்டுவிடுகிறார்கள். அவர் பதிவுகளில் உயிரெழுத்து மெல்ல இருண்டு பின் பளிச்சென்று எழும் அந்தக் கணத்தைக் கவனித்துக் கேட்டால் பிடித்துவிடலாம்.

இந்த உத்தி பழமையானதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெனர்கள் உச்ச சுரங்களை மென்மையான தலைக்குரலில்தான் பாடினார்கள். ஜில்பேர் துப்ரே என்ற பிரெஞ்சுப் பாடகர் 1831இல் இத்தாலியின் லுக்காவிலும், பின்னர் 1837இல் பாரிஸிலும், ரொஸ்ஸினியின் இசைநாடகத்தில் உச்ச 'ஸி'யை நெஞ்சுக்குரலில் பாடிக் காட்டினார். கழுத்தறுபடும் சேவலின் கதறல் என்று ரொஸ்ஸினி முகம் சுளித்ததாகச் சொல்வார்கள், ரசிகர்களோ கிறங்கிப்போனார்கள். பாரிஸ் ஓபராவின் முதன்மை டெனராக இருந்த அடோல்ஃப் நூரி பதவியை விட்டு விலகி, புதிய முறையைக் கற்க இத்தாலி சென்றார். புதியது முழுதாகக் கைவரவில்லை, பழைய தலைக்குரலும் போய்விட்டது. 1839இல் நேப்பிள்ஸில் தற்கொலை செய்துகொண்டார். துப்ரேயின் குரலும் வெகுகாலம் தாங்கவில்லை.

தாங்காததற்குக் காரணம் மூச்சழுத்தம். சாதாரணப் பேச்சுக்கு நுரையீரல் தரும் அழுத்தம் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தத்தின் அளவு. உரத்த உச்ச சுரத்தில் டெனருக்கு 40ஐத் தாண்டும். அதைத் தொண்டை இறுக்கத்தால் தடுத்தால் நாண்கள் புண்ணாகும். விலா, வயிற்றுத் தசைகளால் காற்றை அளந்து விட வேண்டும். 1965இல் சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) பாடகி ஜோன் சதர்லண்டுடன் ஆஸ்திரேலியப் பயணம் சென்றபோது, அவர் பாடுகையில் விலாவின் கீழ் கைவைத்து மூச்சு எப்படி நிற்கிறது என்று கற்றுக்கொண்டதாகப் பவரொட்டியே சொல்லியிருக்கிறார். அதற்குள் அவர் 1961இல் ரெஜ்ஜோ எமிலியாவில் அரங்கேறி, 1963இல் லண்டன் கோவென்ட் கார்டனில் டெனர் ஜுசெப்பே டி ஸ்டெஃபானோவுக்குப் பதிலாகப் பாடிப் பெயர் பெற்றுவிட்டார். அரங்கேற்றத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நாண்களில் முடிச்சு விழுந்து, பாட்டையே விட்டுவிட நினைத்தவர் அவர். நிமிடம் ஒன்றுக்கு 30,000 மோதல் தாங்கும் சவ்வு தடித்துப்போவதில் வியப்பில்லை.

அதனால்தான் அவர் கனமான வேடங்களை அவசரப்பட்டு ஏற்கவில்லை. புச்சினியின் 'டூரண்டோட்' இசைநாடகத்திலுள்ள காலாஃப் வேடத்தை மும்பையில் பிறந்த சுபின் மேத்தாவின் தலைமையில் 1972இல் ஒலிப்பதிவு செய்தாலும், மேடையில் 1977இல்தான் பாடினார். அந்த வேடத்தின் பாட்டுத்தான் 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அவரை உலகெங்கும் கொண்டுசென்றது. ரோமின் கரக்கல்லா குளியல் மண்டப இடிபாடுகளில் டொமிங்கோ, கரேராஸ் என்ற வேறு இரு டெனர்களுடன் அவர் பாடிய அந்தத் திறந்தவெளிக் கச்சேரி ஒலிபெருக்கியில் நடந்தது. இடைவெளியைத் தேடிப் பாயும் தொண்டைக்கு அங்கே வேலை குறைவு.

வயது ஏற ஏறக் குருத்தெலும்பு இறுகும், தசை மெலியும், சவ்வின் ஈரம் குறையும். 1992இல் மிலானின் லா ஸ்காலாவில் அவர் குரல் உடைந்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். கடைசி ஓபரா 2004 மார்ச்சில் மெட்ரோபாலிடனில் பாடிய 'டோஸ்கா'. 2006 பிப்ரவரி 10 அன்று டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் உலகம் கேட்டது முன்பே பதிவான குரல். இசைக்குழுவும் வாசிப்பதுபோல் நடித்தது. உடல்நலம் குன்றிய 70 வயதுக்காரர் கடுங்குளிரின் வறண்ட காற்றை இழுத்தால் நாண்களின் ஈரம் உலர்ந்து அதிர்வு தடைபடும் என்பதால், அந்த இரவில் அவரை நேரடியாகப் பாட வைப்பது ஆபத்தாக இருந்திருக்கும்.