பெல்வெதர்: மணி கட்டிய கிடாவும் பதச்சோறும்

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது இடறி விழும் சொல் பெல்வெதர். நானும் விழுந்திருக்கிறேன். வெதர் என்றால் வானிலைதானே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஊராக்கும் என்று நினைத்து 'வானிலைமானி மாவட்டம்' என்று எழுதியே விட்டேன். பொருள் ஏறக்குறையப் பொருந்திவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் இந்த வெதர் வேறு, எழுத்துக்கூட்டும் வேறு. இது ஆடு.

காயடித்த கிடாவுக்கு ஆங்கிலத்தில் வெதர் என்று பேர். அது மற்ற கிடாவோடு முட்டப் போகாது, பெட்டையின் பின்னாலும் ஓடாது. பழக்கிய வழியில் முன்னே நடக்கும், மந்தை பின்னே வரும். கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டால், மேட்டுக்கு அந்தப் பக்கம் மந்தை எங்கே நகர்கிறது என்பதை மேய்ப்பவர் காதாலேயே தெரிந்துகொள்வார். மணி கட்டிய கிடா, அவ்வளவுதான் பெல்வெதர். இன்னும் ஆழத்தில் வெதருக்கு 'ஓராண்டுக் குட்டி' என்ற வேர்ப்பொருள் சொல்கிறார்கள். கன்றைக் குறிக்கும் வடமொழி வத்ஸவும் அதே வேர். நம் வாத்சல்யம் அந்த வத்ஸவிலிருந்து வந்ததுதான். காயடித்த கிடாவுக்கு இப்படி ஒரு உறவு!

அரசியலில், நாட்டில் ஜெயிக்கிறவருக்கே எப்போதும் அதிக வாக்குப் போடும் ஊரையோ கவுண்டியையோ (நம் மாவட்டம் மாதிரி) இந்தச் சொல் குறிக்கிறது. பேர் பெற்ற உதாரணம் இண்டியானா மாநிலத்தின் வீகோ கவுண்டி. அதன் தலைநகர் டெர்ரே ஹோட், 60,000 பேர்கூட இல்லாத ஊர். ஒரு பல்கலைக்கழகம், ஆலைத் தொழிலாளர்கள், சுற்றிலும் வயல்கள். 1888 முதல் 2016 வரை நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் வீகோ தவறியது இரண்டே முறை, 1908-இலும் 1952-இலும். ஐந்து முறை ஜனாதிபதி பதவிக்கு நின்ற சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் பிறந்தது இந்த ஊரில்தான். அந்த மண்ணின் மைந்தனுக்குக்கூட ஒருமுறையும் முதலிடம் தராத கவுண்டி இது.

2020-இல் வீகோ டிரம்ப் பக்கம் போனது, நாடு பைடன் பக்கம் போனது. வீகோ மட்டுமல்ல. 1980 முதல் 2016 வரை ஒருமுறைகூடத் தவறாத கவுண்டிகள் 19 இருந்தன. அவற்றில் 18 அந்த ஆண்டு கவிழ்ந்தன. மிஞ்சியது வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கனடாவைப் பார்த்தபடி இருக்கும் கிளாலம். 2024-இல் கமலா ஹாரிஸுக்கு அதிக வாக்குப் போட்டு அதுவும் கவிழ்ந்தது.

இதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேல் கவுண்டிகள். எல்லாக் கவுண்டியும் காசைச் சுண்டிப் போட்டு வாக்களித்தாலும், பத்துத் தேர்தலையும் சரியாகச் சொன்னவை என்று மூன்று தேறும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'போக்குகாட்டி' என்று எழுதலாமே என்று தோன்றும். ஆனால் போக்குக் காட்டுவது என்றால் நமக்கு ஏய்ப்பது. 'முன்னோடித் தொகுதி' என்றால் வளர்ச்சித் திட்ட வாசனை வருகிறது. 'மணிக்கிடா' மூலத்துக்கு நெருக்கம், ஆனால் கிடா முன்னே போனால்தானே மந்தை பின்னே வரும்? டெர்ரே ஹோட்டைப் பார்த்துவிட்டு யாரும் வாக்களிப்பதில்லை, எல்லாருக்கும் அதே செவ்வாய்க்கிழமைதான்.

முன்னே மணியடித்த இடங்களும் உண்டு, அவை நம்பும்படி இல்லை. மெய்ன் மாநிலம் ஒரு காலத்தில் தன் மாநிலத் தேர்தலைச் செப்டம்பரிலேயே நடத்திவிடும். 'மெய்ன் போகும் வழியில் நாடு' என்று ஒரு வழக்கே இருந்தது. 1936-இல் மெய்ன் குடியரசுக் கட்சி ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது. நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அந்தக் கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு மெய்னும் வெர்மான்ட்டும் மட்டுமே கிடைத்தன. 'மெய்ன் போகும் வழியில் வெர்மான்ட்' என்று, ஜெயித்த ரூஸ்வெல்ட்டின் ஆள் ஜேம்ஸ் ஃபார்லி நக்கலடித்தார். அப்புறம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குட்டி ஊர். நள்ளிரவில் வாக்குப்பதிவு தொடங்கும், பட்டியலில் உள்ள எல்லாரும் போட்டதும் சாவடியை மூடி எண்ணிவிடுவார்கள். வாக்குப்பதிவு விகிதம் நூற்றுக்கு நூறு. 1960-இல் நிக்சனுக்கு 9, கென்னடிக்கு 0. ஜெயித்தது கென்னடி. 2024-இல் டிரம்புக்கு 3, ஹாரிஸுக்கும் 3.

அதனால் என் ஓட்டு 'பதச்சோறு' என்ற சொல்லுக்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்தப் பருக்கை மற்ற சோற்றை வேகவைப்பதில்லை, அதுவும் கூடவே வெந்தது, அவ்வளவே. வீகோ செய்ததும் அதுதான். 2020-இல் ஏன் பொய்த்தது என்பதற்கும் இந்தச் சொல்லிலேயே பதில் இருக்கிறது. பானை ஒரே சீராக வெந்தால்தான் பதச்சோறு செல்லும். பெருநகரும் அதன் புறநகரும் ஒரு பக்கம், சிற்றூர்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிட்ட பானையில் எந்தப் பருக்கையை நசுக்கிப் பார்ப்பது? போதாததற்கு அந்த ஆண்டு தகுதியுள்ளவர்களில் மூவரில் இருவர் வாக்களித்தார்கள், 1900-க்குப் பிறகு அதுதான் அதிகம். பானையில் புது அரிசியும் விழுந்திருந்தது.

'வீகோ 2016 வரை பதச்சோறுக் கவுண்டி' என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை. பங்குச் சந்தைக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே பெல்வெதர் பங்கு ஏறினால் அதைப் பார்த்து மற்றவையும் ஏறுவதுண்டு, கிடாவும் மந்தையும் போலவே. அதற்கு 'மணிக்கிடாப் பங்கு' என்று எழுத எனக்கு ஆசைதான். வணிகப் பக்கத்து ஆசிரியர் விடவேண்டுமே.