இன்சுலின் ஊசியைக் கழிப்பறையில் விட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து

மறுபடியும் ஒரு அக்காவுக்கு ஊசி குத்திவிட்டது. பேருந்து நிலையக் கழிப்பறையில் துப்புரவு வேலை. தொட்டி நிரம்பி வழிந்ததால், எல்லோரும் செய்வதுபோல, பையை உள்ளங்கையால் அமுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார். உள்ளே செய்தித்தாளில் சுருட்டி வைத்திருந்த ஊசி ரப்பர் கையுறையைத் தாண்டிக் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்சுலின் சிரிஞ்ச்தான். மூடி கழன்று பையின் அடியில் கிடந்தது.

நான் அரசு மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியர். ஊசி குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பது எங்கள் வேலை. வார்டில் ஒரு நர்ஸுக்குக் குத்தினால் அது எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று பெரும்பாலும் தெரியும், அவர் ரத்தத்தைப் பரிசோதித்துவிடலாம். கழிப்பறைத் தொட்டியில் கிடந்தது யாருடைய ஊசி என்று எங்கே போய்க் கேட்பது?

இதைச் சொன்னால் உடனே, "அதெல்லாம் போதை ஊசி போடுகிற பசங்க வேலை" என்பார்கள். அதுவும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்காவது, புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் நடக்கிறது. ஆனால் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்கிறது. அதில் இன்சுலின் போடுகிற எத்தனையோ பேர் தினமும் பயணத்தில் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போட்டாக வேண்டும், பஸ் கிளம்பிவிடும், ஒதுங்க வேறு இடமில்லை, கழிப்பறைக்குள் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். அது புரிகிறது. போட்ட பிறகு செய்வதுதான் புரியவில்லை.

கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "எனக்குச் சுகர் மட்டும்தான் சிஸ்டர், வேற வியாதி எதுவும் கிடையாது, என் ஊசி சுத்தமானது." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உங்களுக்கு வேறு வியாதி இல்லை என்று எப்படித் தெரியும்? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கும். கடைசியாக எப்போது பரிசோதனை செய்தீர்கள்? "தோலுக்கு அடியில்தானே போடுகிறோம், ரத்தமே வரவில்லையே" என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமி உள்ள ஊசி குத்தினால் நூற்றில் ஆறு முதல் முப்பது பேர் வரை தொற்றிக்கொள்ளலாம். எச்ஐவி என்றால் சுமார் முந்நூறில் ஒருவர். குழந்தைகளுக்கான ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்க வந்ததே 2011 வாக்கில்தான், நாற்பது வயது தூய்மைப் பணியாளர் அதை எங்கே போட்டிருக்கப் போகிறார்?

சரி, உங்கள் ஊசி உண்மையிலேயே சுத்தமானது என்றே வைத்துக்கொள்வோம். குத்தப்பட்டவருக்கு அது தெரியாதே! 28 நாள் எச்ஐவி தடுப்பு மருந்து, குமட்டல், தலைசுற்றல், ஆறு வாரம் கழித்து, மூன்று மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என்று ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் கூலி போகும். அதுவரை வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார்.

ஒளித்து வைப்பது இன்னும் மோசம். ஃப்ளஷ் தொட்டிக்கு மேலே, ஜன்னல் விளிம்பில், குழாய்க்குப் பின்னால். துணியைப் போட்டுத் துடைக்கிற கைக்கு அங்கே ஊசி இருப்பது எப்படித் தெரியும்? கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் போய்விடாது. அடைப்பில் சிக்கும், அதை எடுக்கவும் ஒரு ஆள்தான் வர வேண்டும். டிஷ்யூவில் சுற்றினால் ஊசி இருப்பதே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? பையில் ஒரு சின்ன கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா. காலி மாத்திரை டப்பா போதும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஊசியைப் போட்டதும் அதற்குள் போட்டு மூடி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பேனா மாதிரி கருவியில் மாட்டிப் போடும் ஊசி என்றால் வெளிமூடியைப் போட்டுத் திருகிக் கழற்றுங்கள். அதற்குப் பின்பக்கமும் ஒரு ஊசி உண்டு, பலர் கவனிப்பதில்லை. அப்பா அம்மாவுக்கு நீங்கள் போட்டுவிடுகிறீர்கள் என்றால் மூடியைத் திரும்ப மாட்டவே வேண்டாம், நேராக டப்பாவில் போடுங்கள். வீட்டில் துணி துவைக்கிற திரவம் வந்த கெட்டி கேன் வையுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துக்கொண்டு வரும், பழைய பொருள் எடுப்பவரும் திறந்து பார்ப்பார். முக்கால் பங்கு நிறைந்ததும் டேப் ஒட்டி, "ஊசி" என்று பெரிதாக எழுதி, இன்சுலின் வாங்கும் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் குப்பை வாங்க வருகிறவரிடம் வாயால் சொல்லித் தனியாகக் கொடுங்கள். வீட்டில் சேரும் ஊசி அபாயக் கழிவு, தனியாகத்தான் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள்.

கழிப்பறையைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு: சுவரில் பூட்டுள்ள ஒரு கெட்டிப் பெட்டி மாட்ட எவ்வளவு செலவாகிவிடும்? உங்களிடம் துப்புரவு வேலை செய்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட வையுங்கள். பையை அமுக்காமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், கீழே கிடக்கும் ஊசியை எடுக்க இடுக்கி கொடுங்கள்.

குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, பிளீச்சிங், ஆசிட் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே அரசு மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பலனில்லை, மருந்து இலவசம். அந்த அக்கா எங்களிடம் வந்தது மறுநாள் மதியம். "ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போ" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார், ஷிஃப்ட் முடிந்தபோது கடைசி பஸ் நேரம் ஆகிவிட்டது. மேற்பார்வை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், ஊசி குத்தியது என்று யாராவது வந்து நின்றால், அந்த நிமிடமே ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுங்கள்.