விளிம்பில் மை: மார்பகப் புற்றுநோய் வழிகாட்டுதல்கள் எப்படி உருவாகின்றன?

மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றும்போது, அதைச் சுற்றி நல்ல திசுவை எவ்வளவு சேர்த்து எடுக்க வேண்டும்? 2014 வரை இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒருவர் 1 மி.மீ. போதும் என்பார், இன்னொருவர் 5 மி.மீ. கேட்பார், 10 மி.மீ. இல்லாமல் திருப்தி அடையாதவர்களும் உண்டு. அவதி நோயாளிக்குத்தான். திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘விளிம்பு (எடுத்த திசுவின் ஓரம்) கட்டிக்கு நெருக்கமாக உள்ளது’ என்று வந்துவிட்டால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி அறுவை.

அமெரிக்காவின் அறுவைப் புற்றுநோயியல் சங்கமும் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து இதற்கு ஒரு குழு அமைத்தன. அறுவை, கதிர்வீச்சு, கீமோ, நோயியல் என நான்கு துறையினரும் அதில் இருந்தார்கள், நோயாளிகளின் பிரதிநிதியும் இருந்தார். ஒரே துறைக்காரர்கள் கூடி எழுதினால் தங்கள் கருவியையே பெரிதாக நினைப்பார்கள். அதனால்தான் இந்தக் கலவை.

முதல் வேலை, கேள்வியைக் குறுக்குவது. முதல் இரண்டு நிலைகளில் உள்ள ஊடுருவும் புற்று (பால் நாளத்தைத் தாண்டிச் சுற்றுத் திசுவுக்குள் நுழைந்தது), கட்டி மட்டும் அகற்றப்பட்டு மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு பெறுபவர்கள். இவர்களில் விளிம்பின் அகலம் கூடினால், அதே மார்பகத்தில் நோய் திரும்புவது குறைகிறதா? கேட்டது இவ்வளவுதான். பிறகு 33 ஆய்வுகள், 28,162 நோயாளிகளின் தரவுகள் ஒன்றாக்கப்பட்டன. விளிம்பு அகலத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்த ஆய்வுகள் அல்ல இவை, பெரும்பாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவை. இந்தக் குறையையும் மறைக்காமல் எழுதுவது நல்ல வழிகாட்டுதலின் அடையாளம்.

விளிம்பிலேயே புற்று இருந்தால், அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்தது இரு மடங்கு. அதற்கு அப்பால் விளிம்பை அகலமாக்கியதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. எனவே ‘கட்டியின் மேல் மை படாதிருந்தால் போதும்’ என்று குழு முடிவு செய்தது. மிச்சமிருக்கும் நுண்ணிய நோயைக் கதிர்வீச்சும் மருந்துகளும் கவனித்துக்கொள்கின்றன.

அது என்ன மை? எடுத்த திசுவின் ஆறு பக்கங்களுக்கும் நோயியல் நிபுணர் வெவ்வேறு நிற மை பூசுவார். எந்தப் பக்கம் எது என்று தெரிய, அறுவை அறையிலேயே நூல் கட்டி அனுப்ப வேண்டும். மேல் பக்கத்துக்குக் குட்டை நூல், வெளிப் பக்கத்துக்கு நீள நூல் என்பது பரவலான வழக்கம். நுண்ணோக்கியில் புற்று செல்லும் மையும் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பு பாசிட்டிவ். தப்பு நடப்பதும் இங்கேதான். திசுவின் ஈரத்தை ஒற்றி எடுக்காமல் பூசினால் மை பிளவுகளுக்குள் இறங்கி, இல்லாத பாசிட்டிவைக் காட்டும். எக்ஸ்ரேவுக்காகத் திசுவை அழுத்தித் தட்டையாக்கினால் விளிம்பு உள்ளதைவிடக் குறுகித் தெரியும். முழு மேற்பரப்பையும் பார்க்க ஆயிரக்கணக்கான சீவல்கள் தேவைப்படும். யாரும் அப்படிச் செய்வதில்லை. அறிக்கையில் ‘2.5 மி.மீ.’ என்று வருவது சீவிப் பார்த்த இடங்களின் கணக்கு மட்டுமே.

இந்த விதியை அதன் எல்லைக்கு வெளியே இழுக்கும்போது சிக்கல் வருகிறது. பால் நாளத்துக்குள் மட்டும் இருக்கும் புற்றுக்கு இது பொருந்தாது. அது நாளத்தில் விட்டுவிட்டுப் பரவும் என்பதால் 2016இல் தனி வழிகாட்டுதல் வந்தது, அதில் அளவு 2 மி.மீ. முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுவை செய்தவர்களும் 2014 ஆவணத்தின் வரம்பில் இல்லை. முடிவுப் பெட்டியை மட்டும் படித்துவிட்டு, ‘யாருக்கு’ என்ற பத்தியைத் தாண்டிப் போவது வழக்கமான பிழை.

ஆதாரம் தெளிவாக இல்லாத இடத்தில் வாக்கெடுப்பு நடக்கும். 1978இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் தொடங்கி, 2015 முதல் வியன்னாவில் கூடும் மாநாடு இதற்குப் பேர்போனது. செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 சோதனைக்கு 2011இல் அங்கே 14 சதவீதம் என்ற வரம்பு வந்தது. 2013இல் பெரும்பான்மையினர் 20 பக்கம் சாய்ந்தார்கள். இரண்டே ஆண்டில் நோயின் இயல்பு மாறிவிடவில்லை. ஒரே திசுவை இரண்டு ஆய்வகங்கள் வேறுவேறாக எண்ணியதுதான் பிரச்சினை. பிற்பாடு சர்வதேச நிபுணர் குழு ஒன்று 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, 30 சதவீதம் அல்லது அதற்கு மேலே என்ற இரு முனைகளை மட்டும் நம்பலாம் என்றது. நேர்மையான பதில் அது என்பது எங்கள் எண்ணம்.

எனவே பரிந்துரையோடு அதன் தரத்தையும் பாருங்கள். அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன் முறையில் பிரிவு 1 என்றால் உயர்தர ஆதாரம், குழுவில் 85 சதவீதமோ அதற்கு மேலோ ஒப்புதல். 2ஏ என்றால் ஒப்புதல் அதே அளவு, ஆதாரம் ஒரு படி கீழே. 2பி என்றால் ஒப்புதலே 50க்கும் 85க்கும் இடையில்தான். பிரிவு 3இல் குழுவுக்குள்ளேயே பெரிய கருத்து வேறுபாடு. வேறு குறிப்பு இல்லையென்றால் அவர்களின் பரிந்துரை எல்லாம் 2ஏ. ‘இந்தச் சிகிச்சை எந்தப் பிரிவு, என் நிலைக்கு இது எழுதப்பட்டதா?’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். பதில் 2பி என்றால் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தப்பே இல்லை.