லொபி: பரப்புரை அல்ல, அமுக்கம்

கருக்கலைப்புச் சட்டம், முஸ்லிம் விவாகச் சட்டம், ஒருபாலுறவுச் சட்டம் என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் கொழும்புத் தமிழ்ச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘மத அமைப்புகள் இதற்கெதிராகப் பரப்புரை செய்து வருகின்றன.’ ஆங்கில மூலத்தைப் பார்த்தால் அங்கே இருப்பது லொபி, அதாவது அதிகாரத்தில் இருப்பவரைத் தனியே பிடித்துக் காரியம் சாதிப்பது. மொழிபெயர்ப்பவர் கைக்கு எட்டிய முதல் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். சின்னப் பிழைதானே என்று விட மனம் வரவில்லை, ஏனென்றால் நடந்த காரியத்தை அது தலைகீழாக்கிக் காட்டுகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இடைக்கால இலத்தீனில் லோபியா என்றால் கூரை போட்ட நடைபாதை. ஆங்கிலத்துக்கு வந்தபோது மடாலயத்துத் தாழ்வாரத்தைக் குறித்தது. அப்புறம் பாராளுமன்றக் கூடத்துக்கு வெளியே உறுப்பினர்களைச் சந்திக்கும் முன்மண்டபத்துக்குப் பெயரானது. அங்கே காத்திருந்து உறுப்பினரின் காதைக் கடிப்பதுதான் வினையாகிய லொபி. அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் தங்கிய ஹோட்டலில் பிறந்த சொல் என்று ஒரு கதை உண்டு. அவர் பதவிக்கு வர முன்பே சொல் புழக்கத்தில் இருந்தது, ஆகவே கதையை விட்டுவிடலாம். மடத்தில் தொடங்கிய சொல் மறுபடி மடத்தாரிடமே வந்து சேர்ந்திருப்பதுதான் வேடிக்கை.

இப்போது பரப்புரைக்கு வருவோம். பரப்பும் உரை. பிரசாரம் என்ற வடசொல்லுக்கு மாற்றாக ஊன்றிப்போன நல்ல சொல், தேர்தல் மேடைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பரப்புரை செய்பவருக்கு எல்லோரும் கேட்க வேண்டும். லொபி செய்பவருக்கு ஒரே ஓர் ஆள் கேட்டால் போதும், மற்றவர்களுக்குக் கேட்காவிட்டால் இன்னும் நல்லது. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகருக்கு என்ன தோன்றும்? பிரசங்க மேடையில் பேசினார்கள், மக்கள் கேட்டார்கள், அரசாங்கம் மக்களுக்குப் பணிந்தது என்றுதான் தோன்றும். மூடிய அறைக்குள் நடந்தது ஜனநாயகமாக வெள்ளையடிக்கப்பட்டுவிடும்.

வெளிப்படையாக நடந்தவையும் நம் வரலாற்றில் உண்டு. 1958 ஏப்ரலில் பிக்குகள் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸில் பிரதமர் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். தமிழருக்கு ஓரளவு அதிகாரம் பகிரத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு முந்திய ஆண்டு செய்த ஒப்பந்தத்தை அவர் கைவிடும்வரை எழும்பவில்லை, கைவிட்டதை எழுத்திலும் வாங்கிக்கொண்டார்கள். தமிழருக்கு அது பெரும் கேடு. ஆனாலும் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்போது கிடைத்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது. அது முற்றுகை. அதை லொபி என்று யாரும் சொல்வதில்லை.

2017ஐப் பாருங்கள். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையைக் கொஞ்சம் தளர்த்த அரசாங்கம் முன்வந்தது. வன்புணர்வால் உண்டான கரு, பிறந்தாலும் பிழைக்க முடியாத குறைபாடுள்ள சிசு, இவ்வளவுதான். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. சட்டம் அப்படியே இருக்கிறது. திருச்சபையின் அறிக்கையை நாமெல்லாம் வாசித்தோம். ஆனால் அமைச்சர்கள் மனம் மாறியது அறிக்கையை வாசித்தா? 2018 ஜனவரியில் பெண்கள் மதுபானம் வாங்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை நிதி அமைச்சர் நீக்கினார், பௌத்த பிக்குகளிடமிருந்து கண்டனம் வந்தது, சில நாள்களிலேயே ஜனாதிபதி அதைத் திருப்பிப் போடச் சொன்னார். சில நாள்களில் எந்தப் பரப்புரை ஊரைச் சுற்றி வரும்?

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கதை இன்னும் நீளம். 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதைத் திருத்த 2009இல் ஒரு குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். முஸ்லிம் மத அறிஞர்களின் அமைப்பான உலமா சபையின் தலைவரே அக்குழுவில் ஓர் உறுப்பினர். கடைசியில் குழு இரண்டாகப் பிரிந்து இரு வேறு பரிந்துரைகளைக் கொடுத்தது. இங்கே தாழ்வாரத்தில் காத்திருக்கவே தேவைப்படவில்லை, உள்ளே நாற்காலி போட்டிருந்தது. மாட்டிறைச்சித் தடை என்று வந்தால் நம் சைவ அமைப்புகளும் வரிசையில் நிற்கும், ஆகவே ஒரு மதத்தை மட்டும் சுட்டுவதாக யாரும் கோபிக்க வேண்டாம்.

தொண்டு நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறைகளில் இன்னொரு சொல் புழங்குகிறது: பரிந்துபேசல். இது எனக்குப் பரப்புரையைவிட எரிச்சலூட்டுகிறது. பரிவு என்றால் இரக்கம். தாய் பிள்ளைக்குப் பரிந்து பேசுவாள். வன்புணர்வுக்கு ஆளான சிறுமிக்காக அமைச்சரிடம் போனவர்கள் செய்ததைப் பரிந்துபேசல் என்றால் சரி. அந்தச் சிறுமி பிள்ளையைப் பெற்றே ஆக வேண்டும் என்று சொல்லப் போனவர்களுக்கும் அதே சொல்லா? ‘ஆதரவு திரட்டல்’ ஊரெல்லாம் கையெழுத்து வாங்குவதற்குத்தான் பொருந்தும். ‘தரகு’ என்றால் காசு கைமாற வேண்டும். இங்கே கைமாறுவது பெரும்பாலும் அடுத்த தேர்தலின் ஆசீர்வாதம்.

நமக்கு வேண்டிய சொல் உயர்தர அரசறிவியல் பாடப்புத்தகத்திலேயே கிடக்கிறது. அமுக்கக் குழுக்கள் என்று படித்தோமே, அந்த அமுக்கம். தமிழ்நாட்டவர் அழுத்தம் என்பார்கள். எங்களுக்கு வளிமண்டலத்திலும் அமுக்கம்தான். அடங்கு, அடக்கு என்பதுபோல அமுங்கு, அமுக்கு. மேலிருந்து அழுத்துவது முதற்பொருள். விசயத்தை அமுக்கிவிட்டார்கள் என்றால் வெளியே வராமல் செய்துவிட்டார்கள். ஆள் அமுக்கம் என்றால் மனதில் இருப்பதைக் காட்டாத ஆள். அழுத்துவது, மறைப்பது, வாய் திறக்காதது, லொபிக்கு வேண்டிய மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. அழுத்தத்தில் முதலாவதுதான் முன்னே நிற்கும்.

ஒரு தடை சொல்லலாம். வேலைநிறுத்தம் செய்யும் தொழிற்சங்கமும் பாடப்புத்தகத்தில் அமுக்கக் குழுதானே, அது ஒளிந்தா செய்கிறது? உண்மைதான். குழுவுக்கு அந்தப் பெயர் இருக்கட்டும். லொபி என்ற வினைக்கு ‘உள்ளமுக்கம்’ என்று எழுதினால் குழப்பம் தீரும். ஹோட்டல் லொபியை லொபியாகவே விட்டுவிடலாம், அதில் எந்தத் தீட்டும் இல்லை.

இந்தச் செய்திகளில் மத அமைப்புகளுக்குக் கூடவே வரும் ‘பழமைவாத’ என்ற அடைமொழியிலும் எனக்கு ஐயம் உண்டு. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு வெள்ளைக்காரன் 1883இல் தந்தது. அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. சட்டமூலம் நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. இதில் காக்கப்பட்டது விக்டோரியா மகாராணியின் பழமை.

லொபி செய்பவரை என்னவென்று அழைப்பது என்பது மட்டும் மிச்சம். அமுக்குநர் என்றால் ஏதோ இயந்திரம்போல் இருக்கிறது. அமுக்குணி என்ற பேச்சுச் சொல் கச்சிதம், ஆனால் ஆயரையோ தேரரையோ மௌலவியையோ குருக்களையோ அப்படி எழுதினால் ஆசிரியர் மேசையைத் தாண்டாது. வாஷிங்டனில் லொபி செய்வோர் பதிவு செய்ய வேண்டும் என்று 1995இல் சட்டம் போட்டபோதும் தேவாலயங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே செய்தியாளர்கள் பெயர் தேடி மினக்கெடாமல், யார் எந்த அமைச்சரை எந்தத் திகதியில் சந்தித்து என்ன கேட்டார் என்று எழுதட்டும்.