மார்ஷல்: லாயத்திலிருந்து புறப்பட்ட சொல்

சட்டமன்றத்தில் அமளி நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வரும்: மார்ஷல்கள் உறுப்பினரைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றினார்கள். அதே செய்தித்தாள் குன்னூரில் வாழ்ந்து 2008-இல் மறைந்த மானெக்‌ஷாவைப் பற்றி எழுதும்போது பீல்டு மார்ஷல் என்கிறது. ஒருவர் அவையில் ஒழுங்கு காக்கும் காவலர். இன்னொருவர் ஒரு நாட்டுப் படையின் உச்சியில் இருந்தவர். இருவருக்கும் ஒரே சொல்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பேரும் இல்லை, ஒரு குதிரைதான் நிற்கிறது. பழைய ஃபிராங்க் மக்களின் ஜெர்மானிய மொழியில் ‘மார்ஹ்’ என்றால் குதிரை, ‘ஸ்கால்க்’ என்றால் வேலையாள். இரண்டும் சேர்ந்து, குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லாடம் பார்த்துக்கொள்ளும் ஆள். லத்தீன் அதை ‘மாரிஸ்கால்குஸ்’ என்று எடுத்துக்கொண்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பெண்குதிரையைக் குறிக்கும் ‘மேர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே ‘மார்ஹ்’ வேரிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சில் இன்றைக்கும் லாடம் அடிப்பவர் ‘மரேஷால் ஃபெரான்’. படையின் மிக உயர்ந்த பட்டமும் அங்கே ‘மரேஷால்’தான்.

லாயக்காரர் எப்படி மேலே போனார்? அரசன் போருக்குப் போவது குதிரையில். குதிரைகள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் கையில் படையின் வேகமும் பயணமும் இருந்தன. லாயத்துக்குப் பொறுப்பானவர் குதிரைப்படைக்குப் பொறுப்பாளரானார். பிறகு அணிவகுப்புக்கும் பாசறைக்கும் அரசவை ஒழுங்குக்கும். சட்டமன்றத்து மார்ஷல் அந்தக் கடைசிக் கிளையில் வந்தவர். ‘கான்ஸ்டபிள்’ என்ற சொல்லும் லாயத்துப் பிறப்பே. லத்தீனில் அது லாயத்தின் அதிகாரி என்று பொருள்படும். ஆனால் ‘ஸ்கால்க்’ தனியாக நின்ற இடத்தில் கதை வேறு மாதிரி போனது. ஜெர்மன் மொழியில் அது ‘ஷால்க்’ ஆகி, குறும்புக்காரன் என்ற பொருளில் நின்றுவிட்டது.

பிரிட்டிஷ் படையில் பீல்டு மார்ஷல் என்ற பட்டம் 1736-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் வந்தது. முதலில் பெற்றவர் ஆர்க்னி பிரபு. கூடவே ஒரு கைக்கோலும் உண்டு. சிவப்பு வெல்வெட் போர்த்தி, பொன் சிங்கங்கள் பதித்தது. 1813-இல் ஸ்பெயினில் நடந்த விட்டோரியா போரில் பிரெஞ்சு மார்ஷல் ஜூர்தானின் கோல் பிடிபட்டது. பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் அதை லண்டனுக்கு அனுப்பினார். பதிலுக்கு இங்கிலாந்தின் கோல் அவருக்கு வந்தது. நீலகிரியில் இருக்கும் வெலிங்டன் அவர் பெயரால் அமைந்த ஊர்தான். இந்தப் பட்டம் பெற்றவருக்குப் படையிலிருந்து ஓய்வு கிடையாது, சாகும்வரை பணியில் இருப்பவராகவே கணக்கு. தமிழ்ச்சொல் தேடும்போது இந்த விவரம் முக்கியம்.

சரி, பிரபுக்களும் அவர்கள் பிள்ளைகளும் பெற்ற இந்தப் பட்டத்தை, சொல்லின் உண்மைப் பொருளுக்கு ஏற்றபடி, லாயத்திலிருந்து நடந்துபோய் வாங்கிய ஒருவர் இருக்கிறார். பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பீல்டு மார்ஷல் வரை போனவர் அவர் ஒருவர்தான்: வில்லியம் ராபர்ட்சன்.

1860-இல் லிங்கன்ஷயரில் வெல்போர்ன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தையற்காரர், ஊர் அஞ்சலகத்தையும் பார்த்துக்கொண்டவர். பையன் 13 வயதில் பள்ளியை விட்டு, பிறகு பிரபுக் குடும்பத்து மாளிகையில் எடுபிடி வேலைக்குப் போனான். 1877-இல், இன்னும் 18 ஆகாத வயதில், 16-ஆம் லான்சர்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவில் சேர்ந்தான். அக்காலத்தில் சிப்பாய் வேலை என்றால் குடிகாரர்களும் வேறு வழியில்லாதவர்களும் போகிற இடம் என்றுதான் ஊர் நினைத்தது. உன்னைச் சிவப்புச் சட்டையில் பார்ப்பதைவிடப் புதைத்துவிடலாம் என்று அம்மா கடிதம் எழுதினார். அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தாயின் மேல் கோபம் வருவதில்லை. வேலைக்காரப் பிள்ளை இன்னும் கீழே போகிறானே என்ற பயம்தான் அதில் தெரிகிறது.

பதினொரு ஆண்டு படிப்படியாக ஏறி 1888-இல் அதிகாரியானார். குதிரைப்படை அதிகாரிகளுக்குச் சம்பளம் போதாது, சொந்தப் பணம் வேண்டும். அது இல்லாத ராபர்ட்சனுக்கு, சம்பளம் கூடுதலாகவும் செலவு குறைவாகவும் இருந்த இந்தியப் பணி கைகொடுத்தது. சீருடைகளை அப்பாவே தைத்துக் கொடுத்தார். மற்றவர்கள் மது வரவழைத்த மேசையில் இவர் தண்ணீர் குடித்தார். இங்கேதான் உருது, பாரசீகம், பஷ்டு, பஞ்சாபி என்று மொழிகளைப் படித்துத் தேர்வு எழுதினார். மொழி அறிவே அவரை உளவுத் தகவல் பிரிவுக்குக் கொண்டுபோனது. 1895-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சித்ரால் மீதான படையெடுப்பில், வழிகாட்டியாக வந்தவர்களே தாக்கிக் காயப்படுத்தினார்கள், பிழைத்தார். அப்புறம் கேம்பர்லி படைத்துறைக் கல்லூரி. சிப்பாயாகத் தொடங்கிய ஒருவர் அங்கே மாணவரானது அதுவே முதல் முறை. 1910-இல் அதே கல்லூரிக்குத் தலைவராகத் திரும்பி வந்தார்.

முதல் உலகப் போரில், 1914-இல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் படைக்கு உணவும் தளவாடமும் சேர்க்கும் பொறுப்பு இவருடையது. பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரிலிருந்து படை பின்வாங்கியபோது, எந்தப் பிரிவு எந்த வழியாக வரும் என்று தெரியாத நிலையில், சாலைச் சந்திப்புகளில் உணவைக் குவித்து வைக்கச் செய்தார். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். பழைய லாயக்காரரின் வேலையும் அடிப்படையில் இதுதானே: படை நகர்வதற்கு வேண்டியதை நேரத்தில் கொண்டு சேர்ப்பது.

1915 டிசம்பரில் பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைப் பதவி அவரிடம் வந்தது. புகழை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாத காலம் இது. போரை பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில்தான் முடிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் 1916 ஜூலை 1-இல் சோம் போரின் முதல் நாளிலேயே பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். அதில் இறந்தவர் 19,240. இந்த இழப்புகளைக் கண்டு கொதித்த பிரதமர் லாயிட் ஜார்ஜோடு மோதல் முற்றி, 1918 பிப்ரவரியில் ராபர்ட்சன் பதவியை இழந்தார். ஆனாலும் 1920 மார்ச்சில் பீல்டு மார்ஷல் கோல் அவர் கைக்கு வந்தது. 1933-இல் மறைந்தார்.

இனி தமிழ்ச்சொல். வேர்ப்பொருளுக்கு நேரானது நம்மிடம் அப்படியே இருக்கிறது: குதிரைச் சேவகன். ‘சேவகன்’ தமிழில் வேலையாளையும் குறிக்கும், வீரனையும் குறிக்கும். ஃபிராங்க் சொல் பல நூற்றாண்டுகளில் ஏறிய படியைத் தமிழ் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. ஆனால் இன்றைய பட்டத்துக்கு இது உதவாது. ‘கள மார்ஷல்’ பாதி மொழிபெயர்ப்பு. ‘தளபதி’, ‘படைத்தலைவர்’ இரண்டும் ஜெனரலுக்கே வழங்கி நிலைத்துவிட்டன. மேலும் அவை செய்கிற வேலையின் பெயர்கள். பீல்டு மார்ஷல் என்பதோ வேலை முடிந்த பிறகும் நீங்காத சிறப்பு.

அதற்கு என் தேர்வு ஏனாதி. சங்க காலத்திலிருந்தே படைத்தலைவருக்கு அரசன் தரும் பட்டம் அது. புறநானூற்றில் ஏனாதி திருக்கிள்ளி இருக்கிறார். வாள்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஏனாதிநாதர் அறுபத்துமூவரில் ஒருவர். பட்டத்தோடு மோதிரமும் அணிவிப்பார்கள், அதற்கு ஏனாதி மோதிரம் என்றே பெயர். அங்கே கோல், இங்கே மோதிரம். குமரி மாவட்டத் தலைவர் நேசமணியை மக்கள் மார்ஷல் என்று அழைத்ததும் அதைப் பட்டமாக உணர்ந்ததால்தான்.

எல்லா மார்ஷலுக்கும் ஏனாதியைப் போடக் கூடாது. சட்டமன்றத்துக்கு ‘அவைக் காவலர்’ நன்றாகவே வழங்குகிறது. ‘கோர்ட் மார்ஷல்’ என்று நாம் எழுதுவது வேறு சொல். ரோமரின் போர்க் கடவுள் மார்ஸின் பெயரிலிருந்து வந்தது, குதிரைக்கும் அதற்கும் உறவில்லை. அதற்குப் படைத்துறை நீதிமன்றம் போதும். ராபர்ட்சனைப் பற்றி எழுதுகிறவர் இப்படி எழுதலாம்: 1877-இல் குதிரைப்படைச் சேவகர், 1920-இல் ஏனாதி.