சோறா, கோழியா? பொதுச் சுகாதாரம் படிக்க நினைப்பவர்களுக்கு

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம், பினாங்கின் பிறை நகரில் ஒரு கோவில் மண்டபத்தில் உயர்கல்வி விளக்கக் கூட்டம் நடந்தது. மருத்துவம், மருந்தியல், பொறியியல் மேசைகளில் நெரிசல். என் பொதுச் சுகாதார மேசையில் நானும் ஒரு பாட்டில் கொசுப் புழுவும் மட்டும்தான். கடைசியில் ஓர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவளுக்கு டாக்டருக்குக் கிடைக்கலன்னா இதுக்குப் போடலாமா சார்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொசு மருந்து அடிக்கிற வேலைதானே இது?"

22 வருடமாகப் பினாங்கில் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப் போனது. கோபம் வருவதில்லை. கொசு மருந்தும் அடித்திருக்கிறேன், அதிலொன்றும் கேவலமில்லை. ஆனால் படிப்பு அதுவல்ல. அன்று அந்தப் பெண்ணுக்குச் சொன்ன கதையையே இங்கேயும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த் பக்கம் ஒரு கல்யாணம். மதியம் விருந்து, சாயங்காலத்துக்குள் பல குடும்பங்கள் வாந்தியோடு கிளினிக் வாசலில். நாங்கள் மண்டபத்துக்குப் போனபோது சமையல்காரர் பெருமையோடு சொன்னார்: "எல்லாப் பாத்திரத்தையும் கழுவியாச்சு சார், சுத்தமா இருக்கு." ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒரு கரண்டி உணவுகூட மிச்சமில்லை. ஊரே கோழிப் பிரட்டல் மேல் பழி போட்டுவிட்டது. கோழிக்கடைக்காரரை அடிக்கப் போகிற நிலை.

எங்களிடம் இருந்தது கேள்வித்தாள் மட்டும். யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி? இதை நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் பாதி வேலைதான். ஒன்றும் ஆகாதவர்களிடமும் கேட்க வேண்டும். அங்கேதான் பலர் எரிச்சலாவார்கள். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, என்னை ஏன் கேக்கறீங்க?" என்பார்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்பதால்தான் ஐயா கேட்கிறோம்.

கேட்கக் கேட்க இரண்டு விஷயம் தெரிந்தது. சைவ வரிசையில் சாப்பிட்டவர்களுக்கும் வாந்தி, ஆகவே கோழி நிரபராதி. இன்னொன்று, சர்க்கரைக்கு ஆகாது என்று நெய்சோற்றை ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோறு கேட்டு வாங்கிய 3 தாத்தாக்கள் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருந்தார்கள். நெய்சோறு விடியற்காலையில் ஆக்கி, பெரிய டப்பாக்களில் மூடி, மதியம் வரை வைத்தது. வெறுஞ்சோறு மண்டபத்திலேயே சுடச்சுட வடித்தது.

வேகவைத்த அரிசியிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாகாமல் இருக்கும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி. எங்கள் தாளிலிருந்த நேரங்களும் அப்படியேதான் இருந்தன.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் படிப்புக்குப் பெயர் எப்பிடிமியாலஜி, தமிழில் நோய்ப்பரவலியல். ஒன்றைச் சாப்பிட்ட 60 பேரில் 45 பேருக்கும், சாப்பிடாத 40 பேரில் 2 பேருக்கும் வாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 விழுக்காடு, 5 விழுக்காடு. 15 மடங்கு. படிவம் 3 கணக்குதான். ஆனால் யாரை எண்ணுவது, யாரை விட்டுவிட்டால் கணக்கு பொய் சொல்லும் என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் ஆகும்.

இந்த நாட்டில், யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்ற இந்தக் கேள்வியின் வரலாறு நம் சோற்றுத் தட்டிலிருந்தே தொடங்குகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயா ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்று சாவார்கள். கிருமியா, சீதோஷ்ணமா என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நெகிரி செம்பிலானில் வேலை பார்த்த பிராடன் என்ற டாக்டர் கவனித்தது வேறு. சீனத் தொழிலாளிக்கு வருகிறது, பக்கத்திலேயே இருக்கும் தமிழனுக்கு வருவதில்லை. அதே ஊர், அதே மழை. சோறு மட்டும் வேறு. அவர்கள் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், நம் ஆட்கள் புழுங்கலரிசி.

1905 வாக்கில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற டாக்டர், நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பச்சரிசியும் பாதிப் பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். கட்டடம்தான் காரணமோ என்ற சந்தேகத்துக்கு, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினார். பெரிபெரி பச்சரிசிக்காரர்களோடேயே போனது. 1907இல் முடிவை வெளியிட்டார். வாய் திறந்து மறுக்க முடியாத மனநோயாளிகளை வைத்துச் செய்த அந்தச் சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. படிக்கும்போது அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிறகு 1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும், தவிட்டோடு தீட்டி எறியப்படும் சத்துதான் காரணம் என்று காட்டினார்கள். அதற்கு பி1 வைட்டமின் என்ற பெயர் வந்தது பின்னாளில். நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிகளுக்கு இது தெரியாது. ஆனாலும் காப்பாற்றியது. (தோட்டத்து மலேரியாவிலிருந்து எதுவும் அப்படிக் காப்பாற்றவில்லை என்பது வேறு சோகக் கதை.)

1998-99இல் வந்த நிப்பா வைரஸ் காய்ச்சலும் இப்படித்தான். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, கொசு மருந்தடித்து, தடுப்பூசியும் போட்டார்கள். ஆனால் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த ஆண்கள், தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு.

சரி, எங்கே படிப்பது? இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"பொதுச் சுகாதாரம்" என்று பெயர் போட்ட எல்லாப் படிப்பும் ஒரே வாசலுக்குக் கொண்டுபோகாது. எஸ்.பி.எம். முடித்து, அறிவியல், கணிதம், மலாயில் நல்ல தேர்ச்சி இருந்தால், சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் சுற்றுச்சூழல் சுகாதார டிப்ளமா ஒரு வழி. முன்பு ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்றோமே, அந்த வேலைக்கு அது நேர் வழி. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தால் யு.கே.எம்., யு.பி.எம்., யு.எஸ்.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரப் பட்டப்படிப்பு உண்டு. பினாங்குப் பெற்றோருக்கு ஒன்று: யு.எஸ்.எம். என்றதும் குளுகோர் வளாகம், வீட்டுச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சுகாதார வளாகம் கிளந்தானில், குபாங் கெரியானில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு தாய் இதைக் கேட்டு முகம் வாடுவார்.

பொதுச் சுகாதார நிபுணர் ஆக வேண்டுமா? முதலில் எம்.பி.பி.எஸ்., பிறகு 1 வருட எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை), அதற்குப் பிறகு டி.ஆர்.பி.எச். (பொதுச் சுகாதார முனைவர் பட்டம்). டாக்டராகாமல் எம்.பி.எச். மட்டும் முடித்தவர் ஆராய்ச்சிக்கும் திட்டப்பணிக்கும் போகலாம், நிபுணர் என்று பலகை மாட்ட முடியாது.

2016ஆம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி, சுகாதாரக் கல்வி அதிகாரி, பூச்சியியலாளர் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. அந்தச் சட்டப்படி அமைந்த பதிவு மன்றத்தில் பதிந்துகொள்ள முடியாத பட்டம், அந்த வேலைகளுக்கு உதவாத காகிதம். என்னிடம் பயிற்சிக்கு வந்து கேட்ட ஒரு தம்பி, பி.டி.பி.டி.என். கல்விக் கடனோடு ஒரு தனியார் கல்லூரியில் 3 வருடம் படித்து முடித்த பிறகுதான் இதை அறிந்தான். சேரும்போது கேட்டானாம். "எல்லாம் ஓகே" என்று கவுண்ட்டரில் சொன்னார்களாம். கவுண்ட்டரில் கேட்காதீர்கள். படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டை நீங்களே திறந்து பாருங்கள், பதிவு மன்றத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகு பணம் கட்டலாம்.

வேலை எப்படியிருக்கும்? உணவுச் சட்டம் 1983இன் 11ஆம் பிரிவில் ஒரு கடையை 14 நாள் வரை மூடலாம். மூடுகிறவன் முகத்தைக் கடைக்காரர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். எனக்கு லிட்டில் இந்தியாவில் நிம்மதியாகத் தே தாரிக் குடிக்கக்கூடிய கடைகள் குறைவு. டிங்கி சமயத்தில் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறுவோம். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப் புழு கண்டால் 500 ரிங்கிட் வரை கம்பவுண்டு அபராதம். கதவு திறக்காதவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள், "புகை அடிச்சுட்டுப் போங்க, உள்ளே வராதீங்க" என்பவர்கள். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. தைப்பூசத்தில் ஊரே கெபுன் பூங்கா சாலையில் தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கும்போது, நாங்கள் அதே பந்தலில் ஐஸ் எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்போம். 22 வருடத்தில் நான் காவடி பார்த்த தைப்பூசங்களை விரல்விட்டு எண்ணலாம்.

வெயில் வேண்டாம் என்றால் தொழிற்சாலைப் பக்கம் போகலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு, சுகாதார அதிகாரிகளுக்கு நல்ல சம்பளம். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் 5 பேர் வேலை செய்கிற இடத்தில்கூட பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பாதுகாப்பு, சுகாதார அதிகாரி ஆவதற்கான பயிற்சியும் தேர்வும் தனி. எண்களோடு விளையாடப் பிடித்தவர்களுக்குத் தரவுப் பக்கம் இடம் இருக்கிறது. கோவிட்டுக்குப் பிறகு அது யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நான் அதிகம் ஏங்குவது தமிழ் பேசும் சுகாதாரக் கல்வி அதிகாரிகளுக்கு. 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது 31.4. ஆனாலும் கிளினிக்கில் பாட்டிக்கு மலாய்த் துண்டறிக்கையைக் கொடுத்து அனுப்புகிறோம். இட்லியைப் பற்றியும், விரத நாள் பாயசத்தைப் பற்றியும் அவரோடு உட்கார்ந்து தமிழில் பேச ஆளில்லை.

அந்த மண்டபத்துப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புழு பாட்டிலை மட்டும் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை எங்கள் வட்டாரத்தில் கொத்தோங் ரோயோங், ஊர்கூடித் துப்புரவு செய்வோம், விருப்பமிருந்தால் வந்து பார் என்றேன். வந்தாள். டார்ச் பிடிப்பது எப்படி, பூச்சட்டித் தட்டை எப்படிச் சாய்ப்பது என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு அழைத்தாள். "சார், எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டுல நெளியுது."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 500 ரிங்கிட்னு சொன்னேன். கரண்டியத் தூக்கிட்டாங்க சார்."